கணினி கேள்வி – பதில்: பழைய மதர்போர்டின் மவுஸ் போர்ட்

கேள்வி: ஐயா, என் தந்தையார் தமிழாசிரியராக இருந்தவர். 1990களின் நடுவில் அவர் வாங்கிய 486 கணினியை அண்மையில் எடுத்துத் துடைத்து இயக்கிப் பார்த்தேன். திரையும் விசைப்பலகையும் நன்றாக வேலை செய்கின்றன. விண்டோஸ் 3.1இல் கணியன் எழுத்துருவைக் கொண்டு அவர் தட்டச்சு செய்த பாடத்தாள்கள் இன்னும் அதில் இருக்கின்றன. மதர்போர்டில், விசைப்பலகை செருகுவாய்க்குப் பக்கத்தில், பி.எஸ்.2 மவுஸ் என்று அச்சிடப்பட்ட ஐந்து ஊசிகள் உள்ளன. இணையத்தில் ஒரு பழைய பிராக்கெட்டை (மவுஸ் செருகுவாயும் கம்பியும் பொருத்திய தகடு) வாங்கி அதில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் மவுஸின் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. அதே மவுஸ் வேறொரு கணினியில் வேலை செய்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் கணினியை அணைத்துவிட்டு அந்த பிராக்கெட்டைக் கழற்றி வையுங்கள். விளக்கு எரியவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் உள்ள மிக முக்கியமான செய்தி. கணினி மவுஸைக் கண்டுகொண்டாலும் கண்டுகொள்ளாவிட்டாலும், 5 வோல்ட் மின்னழுத்தம் கிடைத்தால் ஆப்டிகல் மவுஸின் விளக்கு பெரும்பாலும் எரியும். எனவே டிரைவரையும் விண்டோஸ் அமைப்புகளையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். மின்சாரம் மவுஸுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது தவறான கம்பி வழியாகப் போகிறது.

இதில் இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆறு துளைகள் கொண்ட சிறிய வட்டச் செருகுவாயை ஐ.பி.எம். நிறுவனம் 1987 ஏப்ரலில் தனது பி.எஸ்.2 கணினிகளுடன் அறிமுகப்படுத்தியது. உங்களுடையதைப் போன்ற ஏ.டி. வகை மதர்போர்டுப் பலகைகளோ, 1984ஆம் ஆண்டின் ஐ.பி.எம். ஏ.டி. கணினியிலிருந்து வந்த ஐந்து துளைப் பெரிய விசைப்பலகைச் செருகுவாயைத்தான் கடைசிவரை வைத்திருந்தன. பலகையின் பின்விளிம்பில் மவுஸுக்கென்று தனிச் செருகுவாய் வைக்க இடமில்லாததால், தயாரிப்பாளர்கள் அந்தக் கம்பிகளைச் சில ஊசிகளாக மட்டும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பிராக்கெட்டைத் தனியாகக் கொடுத்தார்கள். வட்டச் செருகுவாயின் துளைகளுக்குப் பொதுவான வரிசை உண்டு. பலகையில் உள்ள ஊசிகளுக்கு அப்படி எந்தப் பொது வரிசையும் இல்லை. ஒரு நிறுவனம் 5 வோல்ட் வைத்த இடத்தில் இன்னொரு நிறுவனம் கிரவுண்டை (மின்சாரம் திரும்பும் கம்பியை) வைத்திருக்கக்கூடும். பிளக் கச்சிதமாகப் பொருந்தியதால் கம்பிகளும் பொருந்திவிட்டன என்று கொள்ள முடியாது. வேறொரு பலகையுடன் வந்த பிராக்கெட்டை அளந்து பார்க்காமல் செருகக் கூடாது என்பதை நான் மிகுந்த அழுத்தத்துடன் சொல்வேன், ஏனென்றால் மவுஸின் செய்தி செல்லும் தரவுக் கம்பியும் அதற்குத் தாளமிடும் கடிகாரக் கம்பியும் இடம் மாறினால் மவுஸ் வேலை செய்யாமல் போவதோடு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் 5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறினால் மவுஸோ பலகையின் ஃபியூஸோ போய்விடும்.

அளப்பதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கணினியின் மின்செருகியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். விசைப்பலகை வேலை செய்வது உங்களுக்குப் பெரிய வசதி, ஏனெனில் அதன் செருகுவாயையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்து துளைகளும் வில்போல வளைந்து 1, 4, 2, 5, 3 என்ற வரிசையில் அமைந்திருக்கும். 1 கடிகாரம், 2 தரவு, 4 கிரவுண்ட், 5 ஐந்து வோல்ட். மூன்றாவது பெரும்பாலும் பயன்படுவதில்லை. மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனைக்கு மாற்றி, ஒரு முனையை 4ஆம் துளையில் வைத்து, மறுமுனையால் மவுஸ் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒலி எழுப்பும் ஊசி கிரவுண்ட். அதே முறையில் 5ஆம் துளையிலிருந்து தொட்டுப் பார்த்தால் 5 வோல்ட் ஊசி கிடைக்க வேண்டும்.

அப்படி எந்த ஊசியும் ஒலி எழுப்பாவிட்டால், மவுஸுக்கென்று தனி ஃபியூஸ் இருந்து அது போயிருக்கலாம். விசைப்பலகைச் செருகுவாயின் அருகில் எஃப் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்ட இடத்தில், பச்சை அல்லது வெள்ளை நிறத்தில் ஒரு மிளகு அளவுக்கு அது இருக்கும். அதன் இரு முனைகளுக்கும் இடையே தொடர்ச்சி இல்லையென்றால் மாற்ற வேண்டும். 1 ஆம்பியர் அளவிலான, தானாக மீளும் ஃபியூஸ் இதற்குப் பொருத்தம். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரின் மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் வெறும் கம்பியை வைத்துச் சால்டர் செய்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிறகு எங்காவது குறுக்குச்சுற்று ஏற்பட்டால் எரிவது மதர்போர்டின் செப்புத் தடமாக இருக்கும், அதற்கு மாற்று கடையில் கிடைக்காது.

அடுத்து, கடிகார ஊசியையும் தரவு ஊசியையும் பிரித்தறிய வேண்டும். பலகையில் நாற்பது கால்கள் கொண்ட ஒரு நீளமான சில்லு, பெரும்பாலும் சாக்கெட்டில் செருகப்பட்டு, இருக்கும். அதுதான் விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லு. இன்டெல்லின் 8042 சில்லு வழி வந்தது. மவுஸையும் அதுவே கவனிக்கிறது. சில்லின் வெட்டு உள்ள முனையை மேலே வைத்துப் பார்த்தால், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 20 வரையும், வலப்பக்கம் கீழிருந்து மேலாக 21 முதல் 40 வரையும் கால்களை எண்ண வேண்டும். பி.எஸ்.2 முறையில் அமைந்த பலகைகளில் மவுஸின் கடிகாரம் 39ஆவது காலுக்கும், மவுஸின் தரவு 28ஆவது காலுக்கும் செல்லும். வழியில் இரைச்சலை வடிகட்டும் சிறு மணிகளோ மின்தடைகளோ இருக்கலாம் என்பதால், ஒலி வருகிறதா என்று மட்டும் பார்க்காமல் எத்தனை ஓம் காட்டுகிறது என்றும் பாருங்கள். ஐந்தாவது ஊசி பெரும்பாலும் எதனுடனும் சேராமல் வெறுமனே நிற்கும்.

இப்போது பிராக்கெட்டின் பக்கம். அதன் வட்டச் செருகுவாயில் 1 தரவு, 3 கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட், 5 கடிகாரம்; 2, 6 இரண்டும் வெறுமை. செருகுவாயை முன்பக்கமிருந்து பார்க்கும் படமும் செருகியைப் பார்க்கும் படமும் இடவலமாக மாறியிருக்கும். எந்தப் படத்தைப் பார்த்து எண்ணுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ஒவ்வொரு துளையும் பிளக்கின் எந்தக் கம்பிக்குப் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பலகையின் ஊசிகளுடன் ஒப்பிடுங்கள். வரிசை மாறியிருந்தால், பிளக்கின் பக்கவாட்டில் உள்ள சிறு நாக்கை ஊசியால் மெல்லத் தூக்கிக் கம்பியை உருவி, சரியான இடத்தில் மறுபடியும் செருகிவிடலாம். சால்டரிங் தேவைப்படாது.

பிராக்கெட்டை மாட்டுவதற்கு முன், மவுஸ் எதுவும் இல்லாமல் கணினியை இயக்கி, கிரவுண்ட் ஊசிக்கும் 5 வோல்ட் ஊசிக்கும் இடையே உண்மையிலேயே 5 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிடுங்கள். கடிகாரம், தரவு ஆகிய இரு ஊசிகளிலும்கூட ஏறத்தாழ 5 வோல்ட் காட்ட வேண்டும், ஏனெனில் அவை ஓய்வில் இருக்கும்போது மின்தடை வழியாக 5 வோல்ட்டை நோக்கி மேலே இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இதைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை: ஏ.டி. பெட்டிகளில் முன்பக்கத்து மின்விசைக்குச் செல்லும் தடித்த கம்பிகளில் நம் வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் நேரடியாக ஓடுகிறது. பெட்டி திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு விளக்கு எரிந்தும் மவுஸ் அசையாமல் இருந்தால், சந்தேகம் கட்டுப்பாட்டுச் சில்லின் மேல் விழுகிறது. தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் எல்லாச் சில்லுகளுக்கும் மவுஸ் தெரியாது. ஏ.டி. முறைக்கு மட்டும் எழுதப்பட்ட நிரல் உள்ள சில்லு விசைப்பலகையை மட்டுமே அறியும். அமிகீ-2, வியா 82சி42, ஹோல்டெக் 6542 போன்றவை மவுஸையும் அறிந்தவை. ஆனால் அவசரப்பட்டுச் சில்லை மாற்றிவிடக் கூடாது. ஏ.டி. முறையில் 39ஆவது கால் விசைப்பலகையின் தரவுக்கு உரியது; பி.எஸ்.2 முறையில் அதே கால் மவுஸின் கடிகாரத்துக்கு உரியதாகி, விசைப்பலகையின் தரவு 27ஆவது காலுக்கு மாறிவிடுகிறது. ஆகவே விசைப்பலகைச் செருகுவாயின் 2ஆம் துளையிலிருந்து எந்தக் காலுக்குத் தொடர்ச்சி கிடைக்கிறது என்று பாருங்கள். 27 என்றால் பலகை பி.எஸ்.2 முறையில் அமைந்தது, சில்லும் பெரும்பாலும் அதற்கேற்றதாகவே இருக்கும். 39 மட்டும் என்றால் அந்தப் பலகை ஏ.டி. முறைக்கே தடமிடப்பட்டது, சில தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் வழிவைத்து ஜம்பரால் (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடியால்) தேர்ந்தெடுக்கவும் விட்டிருப்பார்கள்.

கட்டுப்பாட்டுச் சில்லு மவுஸின் செய்தியைப் பெற்றால் மட்டும் போதாது, செய்தி வந்திருக்கிறது என்று செயலிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அதற்கான குறுக்கீட்டுக் கோடு ஐ.ஆர்.க்யூ. 12. சில்லின் 36ஆவது காலிலிருந்து அது புறப்படுகிறது. கூடுதல் அட்டைகளைச் செருகும் பதினாறு பிட் ஐ.எஸ்.ஏ. செருகுவாயின் நீட்டிப்புப் பகுதியில் டி5 என்ற தொடுமுனையும் ஐ.ஆர்.க்யூ. 12தான் என்பதால், 36ஆவது காலுக்கும் டி5க்கும் தொடர்ச்சி உண்டா என்று சோதிக்கலாம். பல பலகைகளில் இந்த வழியில் ஒரு ஜம்பர் உண்டு. மவுஸ் இல்லாதவர்கள் அந்தக் குறுக்கீட்டை வலையட்டை போன்ற வேறு அட்டைகளுக்குப் பயன்படுத்தட்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே அதைத் திறந்து விட்டிருப்பார்கள். ஜம்பரை மூடுவதோடு, வேறு எந்த அட்டையும் 12ஐப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். என் கணிப்பில், மின்சாரம் சரியாக இருந்தும் மவுஸ் தெரியாத பலகைகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பயாஸ் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை நிரல்) அமைப்புத் திரையில் பி.எஸ்.2 மவுஸ் என்ற வரி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். டாஸ் இயங்குதளத்தில் க்யூட்மவுஸ் டிரைவரை இயக்கினால் மவுஸ் கிடைத்ததா இல்லையா என்று உடனே சொல்லிவிடும். டாஸ் டிரைவர்கள் பயாஸின் 15ஆம் குறுக்கீட்டில் உள்ள சி2 என்ற சேவையை நம்பியிருப்பவை. அந்தச் சேவையே இல்லாத பழைய பயாஸாக இருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் டாஸில் மவுஸ் கிடைக்காது. அந்த நிலையில் ஒன்பது ஊசி சீரியல் மவுஸ்தான் நேரான வழி. அது முதல் சீரியல் போர்ட்டில் ஐ.ஆர்.க்யூ. 4ஐப் பயன்படுத்தும், கட்டுப்பாட்டுச் சில்லைத் தொடவே தொடாது, விண்டோஸ் 3.1உம் அதை நன்கு அறியும். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டதால், இப்போது கேரோசெல் போன்ற இணையச் சந்தைகளில்தான் தேட வேண்டியிருக்கும். உங்கள் தந்தையாரின் கோப்புகளை உடனே பார்க்க வேண்டுமென்றால், மவுஸ் போர்ட் சரியாகும்வரை காத்திராமல் சீரியல் மவுஸை வைத்தே முதலில் அவற்றைப் படியெடுத்துவிடுங்கள். அந்த வட்டுக்கும் வயதாகிவிட்டது.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய பலகையில் மவுஸின் விளக்கு எரிகிறது, விசைப்பலகையும் வேலை செய்கிறது, ஆனால் சுட்டுமுனை அசையவில்லை. பீப்பாய் வடிவில் ஒரு நீல நிற பேட்டரி உள்ளது. அதைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: மிகவும் சாத்தியம். அது 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி. பல பலகைகளில் அதை விசைப்பலகைச் செருகுவாய்க்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் அருகிலேயே வைத்தார்கள். அதனுள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து செப்புத் தடங்களை அரிக்கிறது. நம் ஊரின் ஈரக்காற்று அந்த அரிப்புக்கு உதவி செய்கிறது. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் தனித்தனித் தடங்கள் இருப்பதால், ஒன்று அறுந்து மற்றொன்று தப்பியிருக்கலாம்.

பேட்டரியை இன்றே வெட்டி எடுத்துவிடுங்கள். குப்பையில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் சேருங்கள். பச்சை பூத்த இடத்தில் வெள்ளை வினிகரைப் பஞ்சால் தொட்டுத் தடவி, நுரைப்பது நின்ற பிறகு வாலைவடிநீரால் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, குளிரூட்டப்பட்ட அறையில் ஓரிரு நாள் நன்றாக உலர விடுங்கள். கசிவு சில்லின் சாக்கெட்டுக்குள்ளும் போயிருக்கும் என்பதால் சில்லைக் கழற்றி அதன் கால்களையும் பாருங்கள். பிறகு மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்: மவுஸ் ஊசிகளிலிருந்து 39, 28 ஆகிய கால்களுக்கும், 36ஆவது காலிலிருந்து ஐ.எஸ்.ஏ. செருகுவாயின் டி5க்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தடம்கூடப் பச்சை வார்னிஷின் அடியில் அறுந்திருக்கும், ஆகவே பார்வையை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். அறுந்த தடத்துக்கு மாற்றாக, காப்புறை போட்ட மெல்லிய கம்பியை இரு முனைகளுக்கும் இடையே சால்டர் செய்தால் போதும்.

புதிய பேட்டரி பற்றி ஒன்று. பழைய பேட்டரி மின்னேற்றம் பெறக்கூடியது, பலகையும் அதற்கு மின்னேற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் நாணய வடிவ லித்தியம் பேட்டரியை நேரடியாகப் பொருத்தினால் அது சூடேறி வெடிக்கக்கூடும். பின்னோக்கி மின்சாரம் பாயாதபடி ஒரு டையோடை இடையில் வைக்காமல் அதைச் செய்யவே கூடாது.

கேள்வி: யு.எஸ்.பி. மவுஸைப் பச்சை நிற மாற்றியுடன் பழைய பி.எஸ்.2 போர்ட்டில் செருகினேன். விளக்கு எரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை. மாற்றி பழுதா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மாற்றி பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அதனுள் மின்னணுச் சுற்று எதுவும் கிடையாது, நான்கு கம்பிகள் மட்டுமே. இரண்டு முறைகளிலும் பேசத் தெரிந்த மவுஸாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அத்தகைய மவுஸ்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மாற்றியுடனேயே விற்கப்பட்டன. இன்று விற்கப்படும் பல மவுஸ்களுக்கு அந்தத் திறன் இல்லை. மாற்றியோடு சேர்ந்து வந்த பழைய மவுஸையோ, இயல்பிலேயே பி.எஸ்.2 செருகி உள்ள மவுஸையோ தேடுங்கள். சீரியல் மவுஸுக்கான மாற்றிகளுக்கும் இதே விதிதான். மவுஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்துவிடுங்கள். பி.எஸ்.2 போர்ட், இயங்கும்போது செருகிப் பிடுங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதன்று.

கேள்வி: மவுஸ் வேலை செய்கிறது. ஆனால் அவ்வப்போது சுட்டுமுனை திரையின் மூலைக்குத் தாவுகிறது, தானாகவே கிளிக் ஆகிறது. ஏன்? உருளைச் சக்கரம் உள்ள மவுஸ் என்பதாலா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: மவுஸ் ஒவ்வோர் அசைவையும் மூன்று பைட்டுகளாக அனுப்புகிறது: முதலாவதில் பொத்தான்களின் நிலையும் திசைக்குறிகளும், அடுத்த இரண்டில் கிடையாகவும் நெடுக்காகவும் நகர்ந்த அளவு. ஒவ்வொரு பைட்டும் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட்டுகள், ஒற்றைச் சமநிலை பிட், முடிவு பிட் எனப் பதினொரு பிட்டுகளாகக் கம்பியில் செல்லும். இடையில் ஒரு பைட் தொலைந்தால் கணினி நகர்வு அளவைப் பொத்தான் நிலையாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் தாவலும் தானியங்கிக் கிளிக்கும் அதன் விளைவுதான்.

பழைய பலகைகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கம்பிதான். பிராக்கெட்டின் கம்பி மின்வழங்கியை ஒட்டிச் சென்றால் வேறு பக்கமாகத் திருப்பிவிடுங்கள். கிரவுண்ட் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடிகார, தரவுக் கோடுகளில் ஓய்வு மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு மிகவும் கீழே இருந்தால், மேலிழுக்கும் மின்தடை இல்லையென்றோ அரித்துவிட்டதென்றோ பொருள். ஒவ்வொரு கோட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் அல்லது 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். உருளைச் சக்கரம் உள்ள மவுஸ் என்பதால் இப்படி ஆகிறதோ என்றும் கேட்டிருந்தீர்கள். டிரைவர் கேட்டுக்கொள்ளாதவரை அது சாதாரண மூன்று பைட் மவுஸாகவே நடந்துகொள்ளும். மாதிரி வேகத்தை 200, 100, 80 என அடுத்தடுத்து மாற்றச் சொல்லும் கட்டளை வந்த பிறகுதான் நான்காவது பைட்டை அனுப்பத் தொடங்கும். சக்கரத்தை அறியாத பழைய டிரைவர் அந்தக் கட்டளையை அனுப்பாது. ஆனால் சக்கரத்தை ஆதரிக்கும் இயங்குதளம் ஒன்றிலிருந்து மின்சாரத்தை நிறுத்தாமல் டாஸுக்கு மறுதொடக்கம் செய்திருந்தால் மவுஸ் நான்கு பைட் நிலையிலேயே தங்கியிருக்கக்கூடும்; கணினியை முழுவதுமாக அணைத்துச் சில நொடிகள் கழித்து இயக்கிப் பாருங்கள்.